ஐந்தில் ஒன்று ஓடுகாலி

எங்கள் ஊரில் வேட்டைக்குப் போகிற ஒவ்வொருவனும் ஆரின் ஸ்டோர்டாலிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியிருப்பான். அவனுடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். நூறு கஜத்தில் ஐந்து தோட்டா சுட வேண்டும், ஐந்தும் ஒரு ஜாடி மூடிக்குள் அடங்க வேண்டும். அடங்காத ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறவனை அவன் மனுஷனாகவே மதிக்கமாட்டான். வயிற்றில் குண்டு வாங்கிய மான் ஒன்று பள்ளத்தில் இரண்டு நாள் கிடந்து செத்ததைப் பன்னிரண்டு வயதில் பார்த்தவன் அவன். சுட்டவர் அவன் அப்பா. அதற்குமேல் அந்தக் கதையை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

முப்பது வருஷம் கவுண்டி நிர்வாகத்துக்காக கிரேடர் ஓட்டி ரோடு சமன்படுத்தியவன். மட்டம் பார்த்துப் பார்த்து கண்ணே மட்டப்பலகை ஆகிவிட்டது. சுவரில் மாட்டிய காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தால் பக்கத்து வீட்டில்கூட எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் காபியைக் குடிப்பான். தோட்டாவையும் கடையில் வாங்கமாட்டான். கராஜில் மேஜை போட்டு, பித்தளை உறையைத் துடைத்து, அடியில் பற்றவைக்கிற கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை இறக்கி, ஒவ்வொன்றாகத் தானே கட்டுவான். ஊர்க்காரர்கள் ரைஃபிள் சரியில்லை என்றால் அந்த மேஜைக்குத்தான் வருவார்கள். வைத்தியம் நிச்சயம், வசவும் நிச்சயம்.

அப்படிப்பட்டவனுக்கு ஜூன் மாதம் குலுக்கலில் சீட்டு விழுந்தது. மிசூரி ஆற்றங்கரையில் மண் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கிற உடைநிலத்தில் மேய்கிற காட்டுச் செம்மறிக் கிடா ஒன்றைச் சுடுவதற்கான அரசாங்க அனுமதிச் சீட்டு. முப்பத்திநாலு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். எங்களில் பலர் விண்ணப்பம் போட்டே செத்துப்போயிருக்கிறார்கள். அறுபத்தாறு வயதில் இன்னொரு தடவை விழும் என்று கனவுகூடக் காண முடியாது. கடிதம் வந்த அன்று ஆரின் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிற மூன்று தெருவையும் இரண்டு சுற்று சுற்றினான்.

அந்த வாரமே நாங்கள் சுட்டுப் பழகுகிற சரளைக் குழிக்குப் போய் ஐந்து தோட்டா சுட்டான். நான்கு குண்டு ஒன்றையொன்று உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஐந்தாவது நான்கு விரற்கடை கீழே, இடது பக்கம், தனியாகக் கிடந்தது. கூட்டத்தை விட்டுத் தனியாக ஓடுகிற குண்டை நாங்கள் ஓடுகாலி என்போம். எப்போதாவது ஒன்று யாருக்கும் ஓடும். ஆரின் மறுபடி ஐந்து சுட்டான். மறுபடியும் ஒன்று ஓடியது. இந்த முறை மூன்றாவது.

அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் குறி பார்க்கிற ஸ்கோப்பைக் கழற்றினான். திருகுகளையெல்லாம் எண்ணெய் போகத் துடைத்து மறுபடி முறுக்கினான். ஓடுகாலி ஓடியது. கட்டையில் ரைஃபிளைப் பிடித்திருக்கிற திருகுகளைப் பார்த்தான். ஓடியது. குழலுக்குள் செம்பு படிந்திருக்கும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தான், துணியில் பச்சை வருவது நிற்கும்வரை தேய்த்தான். அடுத்து உறைகள்மேல் சந்தேகம் வந்தது. ஒவ்வொரு உறைக்கும் நம்பர் போட்டு, எந்த நம்பர் ஓடுகிறது என்று நோட்டில் குறித்தான். பதினேழு ஓடியது என்று பதினேழைத் தூக்கி எறிந்தான். அடுத்த நாள் நாலு ஓடியது. நாலையும் எறிந்தான். ஒரு மாதத்தில் நல்ல பித்தளை உறை அறுபது குப்பைக்குப் போனது, ஓடுகாலி மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

உறையின் கழுத்து இறுகிப்போயிருக்கும் என்று தீயில் வாட்டினான். குண்டு கோணலாக இறங்கியிருக்கும் என்று தோட்டாவை உருட்டிப் பார்க்கும் கருவி ஒன்றைத் தருவித்து, முடி இழை அளவு கோணல் இருந்தாலும் ஒதுக்கினான். மருந்து டப்பா மாற்றினான். கேப் மாற்றினான். சாப்பாட்டுக்கு நடுவில் ஃபோர்க்கை வைத்துவிட்டு எழுந்து கராஜுக்கு ஓடுவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஐடெல்லா ஆர்கன் வாசிக்கிறபோது இவன் பிரார்த்தனைப் புத்தகத்தின் ஓரத்தில் எண் எழுதுவான். ஐடெல்லா அவன் மனைவி, நாற்பது வருஷமாக எங்கள் லூத்தரன் சர்ச்சின் ஆர்கன்காரி.

ஆகஸ்ட் தொடக்கத்தில் மெர்ல் கிர்ஷ்னர் வந்தான். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், ஆரினோடு ஒன்றாவது வகுப்பிலிருந்து படித்தவன், ஆரினிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவன்.

"என்னடா, வைத்தியருக்கே வயித்துப்போக்காமே?"

"கிண்டல் பண்ணாத. பத்து டப்பா மருந்து போயிடுச்சு."

"உனக்கு ரைஃபிள் எதுக்குடா? மார்ச்சு மாசம் பாலத்துக்கிட்ட ஒரு மானை வண்டியாலயே அடிச்சியே, அதே மாதிரி கிடாவையும் முட்டித் தள்ளிடு."

அந்த விபத்தில் ஏர்பேக் வெடித்து ஆரினின் மூக்கு உடைந்திருந்தது. ஐந்து மாதமாக ஊரே அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"கொடு இங்க, நான் சுட்டுப் பாக்கறேன்" என்றான் மெர்ல்.

சரளைக் குழியில் மெர்ல் ஆரினின் ரைஃபிளால், ஆரின் கட்டிய தோட்டாவால் ஐந்து சுட்டான். ஐந்தும் ஜாடி மூடிக்குள் இருந்தன. மெர்ல் வாயைத் திறப்பதற்குள் ஆரின் சொன்னான்.

"காத்து நின்னுடுச்சு."

"காத்தா? காலையிலேர்ந்து ஒரு இலை அசையலையேடா."

"குழல் ஆறியிருந்துச்சு. நான் சுடறப்ப சூடு."

"சரி, அப்படியே வெச்சுக்க." மெர்ல் இலக்குத் தாளைச் சுருட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வண்டி ஏறிப் போய்விட்டான்.

ஆரின் அந்தத் தாளைக் கராஜ் சுவரில் ஒட்டினான். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. மெர்ல்! கடையில் ஆணி எண்ணத் தெரியாத மெர்ல்! ஆகவே தோட்டாக்கள் ஒன்றுபோல் இல்லை, மெர்லுக்கு அதிர்ஷ்டமாக நல்லவை மட்டும் போயிருக்கின்றன என்று முடிவு கட்டினான். நல்லதும் கெட்டதும் கலக்கிறது என்றால் எங்கே கலக்கும்? தராசில். மருந்து நிறுக்கிற மின்தராசை உற்றுப் பார்த்தான். கடைசி எண் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினான். எண் அப்படியே நின்றது.

இரண்டு மாதத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். உற்சாகமாக ஐம்பது தோட்டா கட்டினான், விளக்கை அணைத்தான், உள்ளே போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கராஜிலிருந்து ஐடெல்லாவின் குரல் வந்தது. சத்தமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆரின், இங்க வா."

ஃப்ரீசர் திறந்திருந்தது. அதன் அடியிலிருந்து சிவப்புத் தண்ணீர் வடிகால்வரை ஓடியிருந்தது.

"பிளக்கை யாரு புடுங்கினது?"

"அது ஓடினா தராசு ஆடுது."

"எப்ப புடுங்கின?"

"செவ்வாக்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி."

உள்ளே அவள் தம்பி கொடுத்த அரை எல்க் மான் இருந்தது. ஒரு குளிர்காலச் சாப்பாடு. அதற்குமேல் கரடி பயத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டே அவள் மலையில் பறித்த பன்னிரண்டு பை ஹக்கிள்பெரிப் பழம். எல்லாம் கூழாகிக் கிடந்தது. ஆரின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பேசாத. பேசினேன்னா உன்னையும் இதுகூடக் குழிவெட்டிப் பொதச்சிடுவேன்."

இரண்டு பேருமாகப் பின்பக்கம் பள்ளம் தோண்டிக் கறியைப் புதைத்தார்கள். அவள் ஃப்ரீசரைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவினாள். கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அம்பதைச் சுட்டுப் பாத்தியா?"

"பத்து சுட்டேன்."

"எத்தனை ஓடுச்சு?"

ஆரின் தரையைப் பார்த்தான். "ரெண்டு."

"நாளைக்கு நானும் வர்றேன். என் ஃப்ரீசரைத் தின்ன ஓடுகாலி எப்படி இருக்குன்னு பாக்கணும்."

மறுநாள் காலை சரளைக் குழியில் மடக்கு நாற்காலியைப் போட்டு, காதுக்கு மூடி மாட்டி, அவனுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். துப்பாக்கி வீட்டில் பிறந்து துப்பாக்கி வீட்டில் வாழ்ந்தாலும் அவள் அதைத் தொட்டுச் சுட்டவள் இல்லை. நூறு கஜத்துக்கு அப்பால் இருக்கிற தாளில் அவளுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆகவே புருஷனைப் பார்த்தாள். மெர்லும் சரி, நாங்களும் சரி, ஆரின் சுடும்போது எல்லோரும் தாளைத்தான் பார்ப்போம். அவனைப் பார்க்க வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றியதில்லை.

ஐந்து முடிந்ததும் அவள் காதுமூடியைக் கழற்றினாள்.

"நம்ம பாடகர் குழுவுல லவோன் இருக்காளே, தெரியுமில்ல?"

"அவளுக்கு என்ன இப்ப?"

"உச்ச சுரம் வருதுன்னா அதுக்கு ஒரு தாளம் முன்னாடியே கண்ணை இறுக்கி மூடிப்பா, தாடையை உள்ள இழுத்துப்பா. எட்டாதுன்னு பயம். சில நாள் நல்லாவே பாடிடுவா, சில நாள் அப்படியே கவுந்துடும். நீ இப்ப அதையேதான் பண்ண."

"நானா? கண்ணை மூடறேனா? ஐம்பது வருஷமா சுடறேன், ஐடெல்லா."

"லவோனும் முப்பது வருஷமா பாடறா."

"உனக்கு இதெல்லாம் புரியாது. இது தோட்டாவோட கோளாறு."

"சரி, புரியாது. ஒண்ணு பண்ணு. நீ ரைஃபிளைப் புடிச்சுக்க, தோட்டாவை நான் போடறேன். நீ அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இரு, சும்மா."

அவனுக்கு அவளைச் சமாதானப்படுத்தினால் போதும் என்றிருந்தது. அவள் போட்டாள், அவன் சுட்டான். இரண்டு குண்டும் நடுவில் போய் உட்கார்ந்தன. "பாத்தியா?" என்றான். அவள் மூன்றாவதைப் போட்டாள். அவன் மூச்சை விட்டு, விசையை அழுத்தினான்.

டிக் என்றது. அவ்வளவுதான். வெடிக்கவில்லை. ஆனால் ரைஃபிளின் முனை இடது பக்கமாகக் கீழே பாய்ந்து மணல் மூட்டையில் குத்தியது. ஆரினின் தோள் முன்னால் எகிறியிருந்தது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. மூடியிருந்ததை அவன் திறந்தபோதுதான் தெரிந்துகொண்டான்.

ஐடெல்லா உறையை எடுத்துக் காட்டினாள். மருந்தும் கேப்பும் இல்லாத பொய்த் தோட்டா. நீளம் பார்ப்பதற்காக அவனே கட்டி மேஜையில் வைத்திருந்தது.

ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சோதனையை வைத்தவனே ஆரின்தான். வைத்துவிட்டு ராச்சாப்பாட்டில் அவளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மெர்லின் முனை எப்படிக் குதித்தது, பாதிரியாரின் முனை எப்படிக் குதித்தது என்று நடித்துக் காட்டுவான். இந்தச் சோதனை அவளுக்கு வேறு எப்படித் தெரியும்?

"என்னை ஏமாத்திட்ட" என்றான். "கட்டின புருஷனை நிக்கவெச்சு ஏமாத்திட்ட!"

எழுந்து இலக்குப் பலகைவரை விறுவிறுவென்று நடந்தான். அங்கே செய்ய ஒன்றும் இல்லாததால் திரும்பி நடந்தான். மூன்று தரம் அப்படி நடந்தான். மருந்தாக இருந்தால் மாற்றலாம், திருகாக இருந்தால் முறுக்கலாம், உறையாக இருந்தால் தூக்கி எறியலாம். தன்னை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. எரிச்சல் முழுக்க வெட்கமாக மாறி, முகம் காதுவரை சிவந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கடைசியில் கேட்டான்.

"மார்ச்சுலேர்ந்து. டோஸ்டர்ல ரொட்டி எகிறினாக்கூட நீ துள்ற. கதவு சாத்தினா தோளைத் தூக்கிக்கற. மூஞ்சிக்கு நேரா ஒண்ணு வெடிச்சிடுச்சில்ல, உடம்பு இன்னும் அதையே எதிர்பாத்துக்கிட்டு இருக்கு."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா? டோஸ்டரைப் பிரிச்சுப் போட்டிருப்ப."

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

செப்டம்பரில் வேட்டைக் காலம் திறந்தது. ஆரின் போகவில்லை. தினமும் மத்தியானம் இருவரும் சரளைக் குழிக்குப் போனார்கள். சத்தம் குறைந்த சின்ன ரைஃபிளில் தொடங்கினார்கள். அவள் போடுவாள், எது நிஜம், எது பொய் என்று சொல்லமாட்டாள். அவன் அழுத்துவான். "அசைஞ்சுது" என்பாள், அல்லது "அசையலை" என்பாள். அக்டோபரில் பெரிய ரைஃபிளுக்கு மாறினார்கள். அசையாதது பத்துக்கு ஐந்து, பத்துக்கு ஏழு என்று தேறி வந்தான். தோட்டாக் கடையில் மற்றவர்கள் கிடா சுட்ட படம் ஒட்டும்போது அவன் வேறு பக்கம் பார்த்தான். காலண்டரில் நாள் போவதை அவனால் தாங்க முடியவில்லை, காபிக் கோப்பையை எடுப்பான், குடிக்காமல் வைப்பான், ஜன்னலுக்குப் போவான், திரும்புவான்.

நவம்பர் நடுவில் பத்துக்கு ஒன்பது வந்தது.

"ஒன்பதா! போடா, போய்ச் சுடுடா" என்றான் மெர்ல். "நானெல்லாம் பத்துக்கு ஆறு. என்னை யாரு கேட்டா?"

"அந்தப் பத்தாவது, அசையற ஒண்ணு, எப்ப வரும்னு எனக்குத் தெரியலையேடா."

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமையோடு வேட்டைக் காலம் முடிகிறது. அன்று சர்ச்சில் ஆர்கன் வாசிக்க வேறு ஆளை வைத்துவிட்டு ஐடெல்லா வண்டியில் ஏறினாள். உடைநிலத்தில் பனி கணுக்கால் அளவு கிடந்தது. விளிம்போரமாக மூன்று மணி நேரம் நடந்து, ஒவ்வொரு பள்ளமாக எட்டிப் பார்த்து, நாலாவது பள்ளத்தில் கண்டார்கள். கிழட்டுக் கிடா. கொம்பு முழு வட்டம் சுற்றி, முனை உடைந்து, முகத்தை மறைத்திருந்தது. இருநூறு கஜம். காற்று எதிர்ப்பக்கம் வீசியது. கிடா பக்கவாட்டாக நின்று காலால் பனியைப் பறித்து மேய்ந்துகொண்டிருந்தது.

ஆரின் படுத்து, பையின்மேல் ரைஃபிளை வைத்தான். மூன்று மாதப் பழக்கம், கை தானாகவே அவள் பக்கம் நீண்டது. அவள் தோட்டாவைப் போட்டுத் தாழ்ப்பாளை மூடினாள். ஸ்கோப்பின் குறுக்குக் கோடு கிடாவின் தோளுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. இவ்வளவு அமைதியாக அவன் இந்த வருஷத்தில் இருந்ததே இல்லை. மூச்சை விட்டு, அழுத்தினான்.

டிக்.

கிடா தலையைத் தூக்கவில்லை. ஆரினுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவளிடம் கோபம்கூட வரவில்லை. ஏனென்றால் அவன் பார்த்தான், டிக் என்றபோதும் கோடு தோளிலேயே நின்றதை நிச்சயமாகப் பார்த்தான். அவள் பக்கம் திரும்பிச் சந்தோஷத்தில் கிசுகிசுத்தான்.

"அசையலை! பாத்தியா, அசையவே இல்லை. நிஜத்தைப் போடு."

அவள் நிஜத் தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். போடவில்லை.

"ஐடெல்லா, சீக்கிரம்."

"அசைஞ்சுது."

"இல்லை. நான் பாத்தேன்."

"கண்ணை மூடிட்ட, ஆரின். மூடினப்புறம் எதைப் பாத்த?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, குளிரால் இல்லை.

"எவ்வளவு?"

கட்டைவிரல் நகத்தில் பாதியைத் தொட்டுக் காட்டினாள். "கொஞ்சம்தான். சரளைக் குழியில போன அளவு இல்லை. இந்தா, வேணும்னா எடுத்துக்க. உன் சீட்டு, உன் கிடா."

கணக்குப் போட அவனுக்குப் பேப்பர் வேண்டியிருக்கவில்லை. குழல் முனை இங்கே அரை நகம் அசைந்தால் இருநூறு கஜத்தில் தோளுக்குப் போக வேண்டிய குண்டு வயிற்றுக்குப் போகும். ஒருவேளை அடுத்தது அசையாத ஒன்பதில் ஒன்றாக இருக்கலாம். அநேகமாக அப்படித்தான் இருக்கும். கிடா இன்னும் அதே இடத்தில் மேய்ந்தது, அவனுக்காகவே நிற்பதுபோல நின்றது. முப்பத்திநாலு வருஷம். அந்தத் தோட்டாவை எடுக்க அவன் கை எவ்வளவு ஆசைப்பட்டது என்பதை அவன் பிறகு என்னிடம் சொன்னபோதும் அந்தக் கை மேஜைமேல் விரிந்து மூடியது.

அவன் தாழ்ப்பாளைத் திறந்து, பொய்த் தோட்டாவை வெளியே எடுத்து, ரைஃபிளைப் பையிலிருந்து இறக்கிப் பனியில் வைத்தான். பிறகு முகத்தைக் கையுறையில் புதைத்துக்கொண்டு அழுதான். ஐடெல்லா அவன் முதுகில் கை வைத்தாள்.

"வழியெல்லாம் பொய் சொல்லணும்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன்" என்றாள். "அசைஞ்சாலும் அசையலைன்னு சொல்லிடணும்னு."

"சொல்லியிருந்தா சுட்டிருப்பேன்."

"தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"நீ அவ்வளவு நம்பி என்னைப் பாத்த."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னொரு சீட்டு விழணும்னா எனக்கு நூறு வயசாகும்."

"அதுக்குள்ள பத்துக்குப் பத்து வந்துடும்."

அவள் தன் தொலைநோக்கியை அவனிடம் கொடுத்தாள். கிடா மேய்ந்துகொண்டே பள்ளத்தின் மறுபக்கம் ஏறியது, அவசரமே இல்லாமல், நடுநடுவே நின்று. அது மேட்டைத் தாண்டிப் போகிறவரை இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.